வயலினோடு வாசிக்கும் கணினி: பகடையை எங்கே உருட்டுவது?

நான் வயலினில் எழுதி வைக்காத இசையை வாசிப்பவள். முன்கூட்டி எதையும் தீர்மானிக்காமல், கூட வாசிப்பவர் செய்வதைக் கேட்டு அந்த நிமிடத்திலேயே பதில் சொல்லும் வாசிப்பு. கூட வாசிக்க ஆள் கிடைக்காத நாட்களுக்காக ஒரு கணினித் துணையைச் செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அடுத்து அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியக்கூடாது. ஆனால் நான் வாசிப்பது அதன் காதில் விழ வேண்டும். இரண்டே நிபந்தனைகள். நான்கு மாதம் ஆயிற்று. எது ஓடியது, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மென்பொருளாக ப்யூர் டேட்டாவை எடுத்துக்கொண்டேன். மில்லர் பக்கெட் 1990களின் நடுவில் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். திரையில் பெட்டிகளைப் போட்டு, கோடு இழுத்து இணைத்தால் அதுவே நிரல். வயலினைக் கீழே வைக்காமலேயே ஒரு கையால் திருத்தலாம் என்பது எனக்குப் பெரிய வசதி.

முதல் நாள் செய்தது மிக எளிது. 400 மில்லி நொடிக்கு ஒருமுறை தட்டும் ஒரு கடிகாரப் பெட்டி. ஒவ்வொரு தட்டுக்கும் ‘ரேண்டம்’ பெட்டி 24 அரைச்சுரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வயலினின் கீழ்க்கம்பியிலிருந்து இரண்டு ஸ்தாயி. ஓடவிட்டதும் முதல் முப்பது நொடி ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் வில்லைக் கீழே இறக்கிவிட்டேன். எல்லாச் சுரங்களுக்கும் சம வாய்ப்பு என்றால் எந்த நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் மற்ற நிமிடங்களைப் போலவேதான் இருக்கும். அடுத்த சுரம் எதுவென்று தெரியாது, ஆனால் அடுத்த பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். நான் கேட்டது இதுவல்ல.

சரி, சுரத் தேர்வைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்து மூன்று வாரத்தைச் செலவழித்தேன். லெஜரன் ஹில்லரும் லியனார்ட் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக் கொண்டு 1957இல் முடித்த ‘இல்லியாக் சூட்’ என்ற நால்வர் தந்திக் கச்சேரியின் நான்காம் பகுதியில் மார்க்கோவ் சங்கிலி இருக்கிறது. ஒரு சுரத்துக்குப் பின் எது எத்தனை தடவை வரலாம் என்ற அட்டவணை, அதன்மேல் உருட்டும் பகடை. நானும் என் வாசிப்பிலிருந்தே அப்படி ஓர் அட்டவணை செய்தேன். விளைவு முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது. என் பழக்கச் சொற்றொடர்கள் சில தலைகாட்டின. ஆனால் தூக்கத்தில் நான் பேசுவதை யாரோ ஒலிப்பதிவு செய்து கேட்கவைத்தது போல ஒரு சோர்வு. காரணம் பிடிபடவே இல்லை.

காரணம் பழைய கடிகாரப் பெட்டிதான். சுரங்களை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தாலும் அவை 400 மில்லி நொடிக்கு ஒன்று என்று வரிசையில் நின்றன. இது உறைத்தது இயானிஸ் செனாகிஸின் ‘அகோரிப்சிஸ்’ கட்டமைப்பைப் படித்தபோது. 1956-57இல் எழுதப்பட்ட ஏழு நிமிட இசை. ஒலிநிறத்துக்கு ஒரு வரிசையாக 7 வரிசை, 15 நொடிக்கு ஒரு பத்தியாக 28 பத்தி, ஆக 196 கட்டம். ஒரு கட்டத்தில் சராசரி 0.6 நிகழ்வு என்று வைத்து, பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கின்படி நிரப்புகிறார். 107 கட்டங்கள் காலி. 65இல் ஒரு நிகழ்வு, 19இல் இரண்டு, 4இல் மூன்று, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் நான்கு. பாதிக்கு மேல் எதுவுமே இல்லை. அப்புறம் ஜான் கேஜின் 1951 பியானோ இசையான ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ நினைவுக்கு வந்தது. மூன்று காசுகளை ஆறு முறை சுண்டி, ஐ சிங் என்ற பழைய சீன நூலின் 64 குறிகளில் ஒன்றுக்குப் போய், அந்த எண்ணுள்ள கட்டத்தில் இருப்பதை எழுதுவார். அவருடைய ஒலி அட்டவணைகளின் 64 கட்டங்களில் 32 மௌனம். இருவரும் வெவ்வேறு வழியில் வந்தவர்கள். ஆனாலும் பகடையிடம் மௌனத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். நான் ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை.

கடிகாரத்தைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஒலிக்குப் பிறகும் அடுத்த ஒலி வரை எவ்வளவு நேரம் என்பதைப் பகடை சொல்லும். 0க்கும் 1க்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்து, அதன் இயற்கை மடக்கையைக் கண்டு, குறியை மாற்றி, 4 நொடியால் பெருக்கினால் சராசரி 4 நொடியுள்ள இடைவெளிகள் வரும். சராசரிதான் 4. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான இடைவெளிகள் ஒரு நொடிக்கும் குறைவு, 100இல் ஏறக்குறைய 8 இடைவெளிகள் பத்து நொடியைத் தாண்டும். மூன்று ஒலி சேர்ந்து விழும், பிறகு எதுவும் வராது, நாம் நிமிர்ந்து பார்க்கும்போது ஒன்று வரும். சுரத் தேர்வைப் பழைய சம வாய்ப்புக்கே திருப்பிவிட்டுக் கேட்டேன். அப்படியும் நான் வில்லை இறக்கவில்லை. இருபது நிமிடம் வாசித்தேன். பகடையைச் சுரத்தில் உருட்டுவதற்கும் நேரத்தில் உருட்டுவதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் புரிந்தது. சுரம் எதுவானாலும் என் கை அதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறது. நேரம் மட்டும்தான் என்னை உண்மையில் அசைத்தது.

அடுத்தது காது. சாதாரண மைக்கை வயலின் முன் வைத்தேன். ஸ்பீக்கரில் வரும் தன் ஒலியையே கணினி என் வாசிப்பு என்று எண்ணித் தனக்குத்தானே பதில் சொல்லத் தொடங்கியது. அதனால் வயலினின் பாலத்துக்குப் பக்கத்தில் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு (அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடு) ஒன்றை ஒட்டினேன். மரத்தின் அதிர்வைத்தான் அது முதலில் பிடிக்கும், காற்றில் வருவது மிகக் குறைவு. ஆனால் ஒலி தகரடப்பாவில் தட்டியது போல மெலிந்து வந்தது. சுரத்தைக் கண்டுபிடிக்கும் ‘சிக்மண்ட்’ பெட்டி அடிக்கடி ஒரு ஸ்தாயி மேலே போய்ச் சொன்னது.

தகட்டில் குறை இல்லை, செருகிய இடம்தான் தப்பு. அந்தத் தகட்டின் மின்தேக்கம் சுமார் 20 நானோ ஃபாரட். நான் செருகிய லைன் இன்புட்டின் மின்தடை சுமார் 10 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் தேய்க்கும் ஒரு வடிகட்டி ஆகிவிடுகிறது. வயலினின் திறந்த கம்பிகள் 196, 293, 440, 659 ஹெர்ட்ஸ். நான்குமே அந்த எல்லைக்குக் கீழே. அடிப்படை அதிர்வு தேய்ந்து மேல் அதிர்வுகள் மட்டும் போய்ச் சேர்ந்தால், பாவம் அது வேறு எதைச் சொல்லும்? ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்று, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பாட்டரி, இன்னும் இரண்டு மூன்று சில்லறைப் பாகங்கள் வைத்து ஒரு சிறு பஃபர் சுற்றைப் பற்றவைத்தேன். 1 மெகா ஓமில் அதே வடிகட்டி 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அன்று சாயங்காலமே கீழ்க்கம்பியின் சுரம் சரியாக வந்தது. உங்கள் ஆடியோ பெட்டியில் கிட்டாருக்கென்று தனி இன்புட் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், அது பெரும்பாலும் 1 மெகா ஓம்தான்.

‘சிக்மண்ட்’ பெட்டியில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு சுரம் எவ்வளவு ஆடினாலும் அதே சுரம் என்று கொள்ளலாம் என்பதற்கான அளவை முதலில் அரைச்சுரத்தில் பாதியாக வைத்திருந்தேன். என் இடக்கை அதைவிட அகலமாக அசையும், அதனால் ஒரே நீண்ட சுரத்தை அது ஐந்தாக எண்ணியது. 1 என்று மாற்றினேன். சுரம் நிலைக்கக் காத்திருக்கும் நேரமான 50 மில்லி நொடியைத் தொடாமல் விட்டேன். அதோடு 1024 மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்க ஆகும் 23 மில்லி நொடியும் கூடும். ஆக என் வில்லுக்கும் அதன் புரிதலுக்கும் நடுவே எப்போதும் ஒரு சிறு தாமதம். கூடவே வாசிக்கும் நிழல் வேண்டுமென்றால் இது பெரிய தடை. எனக்கு வேண்டியது பதில் சொல்லும் ஆள், அதனால் உறுத்தவில்லை.

எல்லாவற்றையும் அது கேட்க வேண்டும் என்ற பேராசையையும் இங்கே விட்டேன். டேவிட் பெர்மன் 1977இல் ‘ஆன் தி அதர் ஓஷன்’ செய்தபோது, குழலும் பஸூனும் வாசிக்க, கிம்-1 என்ற சின்னஞ்சிறு கணினி ஆறே ஆறு சுரங்களுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஆறு சுரம் போதும், இருவரும் அதனோடு உரையாட முடிந்தது. என் கணினி இரண்டை மட்டும் கேட்கிறது: கடந்த பத்து நொடியில் எத்தனை சுரம், எவ்வளவு சத்தம்.

அது வாசிக்கும் ஒலிக்கு என் வயலினையே கொடுத்தேன். கடைசி 60 நொடி எப்போதும் ஒரு பட்டியலில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பகடை சொல்லும் இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, பகடை சொல்லும் வேகத்தில் அது வாசிக்கும். இங்கே ஒரு விசித்திரமான பழுது. பட்டியலின் தொடக்கத்திலிருந்து வரும் துண்டுகள் தெளிவாக இருந்தன. கடைசிப் பகுதியிலிருந்து வருபவற்றில் மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு. ஒயரை மாற்றினேன், பஃபரைப் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தேன், பயனில்லை. ப்யூர் டேட்டா எண்களை 32 பிட்டில் வைத்துக்கொள்கிறது. 60 நொடிக்கு 26,46,000 மாதிரிகள். அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் கால் மாதிரிக்கும் நுண்ணிய பின்னத்தை அதனால் எழுத முடியாது. வேகத்தை மாற்றி வாசிக்கும்போது அந்தப் பின்னங்கள்தான் முக்கியம். ‘டேப்ரீட்4’ பெட்டியின் வலப்பக்க நுழைவாயில் இதற்காகவே இருக்கிறது. துண்டு தொடங்கும் இடத்தை அங்கே கொடுத்துவிட்டு, இடப்பக்கம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் எண்கள் சிறியதாகவே இருக்கும். கரகரப்பு போய்விட்டது. அதற்கு முன் இரண்டு நாள் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு, தினமும் காலையில் திறந்து வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். பதிவுப் பொறுப்பு தம்பியுடையது. மூன்றாம் நாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “அக்கா, நேத்தும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?” என்றான். நான் மறுத்தேன். மூன்று நாள் பதிவுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினான். கணினியின் முதல் ஏழு இடைவெளிகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

‘ரேண்டம்’ பெட்டி உண்மையில் பகடை உருட்டுவதில்லை. ஒரு விதை எண்ணை எடுத்து, பெருக்கி, கூட்டி, அடுத்த எண்ணைச் செய்கிறது. மென்பொருளை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த விதை ஒரே இடத்திலிருந்து தொடங்கும். ஆக ஒவ்வொரு காலையும் ஒரே வரிசை. என் வாசிப்பு மாறியதால் எனக்குத் தெரியவில்லை, வாசிக்காமல் கேட்டவனுக்குத் தெரிந்தது. விதையை வெளியிலிருந்து கொடுக்கலாம். கடிகார நேரத்தைக் கொடுப்பதுதான் வழக்கம், ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. திறந்ததிலிருந்து என் முதல் வில் விழும் வரை எத்தனை மில்லி நொடி, அந்த முதல் சுரம் சரியான சுருதியிலிருந்து எத்தனை பின்னம் விலகியிருந்தது, இரண்டையும் சேர்த்து விதை. நான் தொடங்காமல் அன்றைய தாறுமாறு தொடங்காது. அந்த முதல் சுரத்தை இப்போது மிகவும் கவனமாக வாசிக்கிறேன், அதனால் எதையும் கட்டுப்படுத்த முடியாது என்று நன்றாகத் தெரிந்தும்.

நான் வாசிப்பதற்கும் அது வாசிப்பதற்கும் என்ன உறவு என்ற கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கடினம். முதலில், நான் அதிகம் வாசித்தால் அதுவும் அதிகம் வாசிக்கட்டும் என்று வைத்தேன். ஒரு நிமிடத்தில் இருவரும் கத்தினோம். தலைகீழாக மாற்றினேன்: நான் பேசினால் அது கேட்கும், நான் நிறுத்தினால் அது பேசும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான்காம் நாளே அதை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒலி வேண்டுமென்றால் வில்லைத் தூக்கினால் போதும். அடக்கமான வேலைக்காரனாகிவிட்டது.

ஜார்ஜ் லூயிஸ் 1980களில் உருவாக்கிய ‘வாயேஜர்’ நிரலைப் பற்றி அவர் எழுதியதைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். அவர் டிராம்போன் வாசிப்பவர். 64 குரல்கள் வரை கொண்ட ஒரு வாத்தியக்குழுவாக அவர் நிரல் நடந்துகொள்ளும். 5 முதல் 7 நொடிக்கு ஒருமுறை தன் நடத்தையை அது புதிதாகத் தீர்மானித்துக்கொள்ளும். யாரைப் பின்பற்றுவது, யாரை எதிர்ப்பது, யாரைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். மனிதர் வாசிக்காவிட்டாலும் அது தன்பாட்டுக்கு வாசிக்கும். எனக்கு வழி கிடைத்துவிட்டது. உறவையே பகடையிடம் கொடுத்தேன். என்னோடு சேர்ந்து கூடும், எனக்கு எதிராகக் குறையும், என்னைப் பொருட்படுத்தாது: மூன்றில் ஒன்று. 20 முதல் 70 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் மாறும், மாறியதை எனக்குச் சொல்லாது. சராசரி இடைவெளி நிலைக்கு ஏற்ப ஒன்றரை நொடிக்கும் 9 நொடிக்கும் நடுவே நகரும். பொருட்படுத்தாத நிலையில் பழைய 4 நொடி. இப்போது வாசிக்கும்போது, எதிரில் இருப்பவரின் மனநிலையைக் கண்டுபிடிக்க முயல்வது போல என் காது வேலை செய்கிறது. அப்படி வாசித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

காலடியில் ஒரு பெடலும் வைத்திருந்தேன், பிடிக்காத ஒலியை உடனே வெட்ட. பதினோரு பதிவுகளில் அதை எத்தனை முறை மிதித்தேன் என்று எண்ணிப் பார்த்த அன்று கழற்றிவிட்டேன். கேஜ் தம் வாழ்நாளின் பெரும்பகுதி மனோதர்ம வாசிப்பை நம்பவில்லை, அது வாசிப்பவரின் ரசனைக்கும் பழக்கத்துக்கும் திரும்பிப் போகிறது என்பதால். மனோதர்மத்தை நான் விட முடியாது. பெடலை விட முடிந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பதினைந்தாவது பதிவு என்று நினைக்கிறேன். நான்கு நிமிடம் போயிருக்கும், கணினி ஒரு தாழ்ந்த துண்டை இழுத்து முடித்தது. அதன்பின் வரவில்லை. பத்து நொடி, இருபது நொடி. இப்படி ஒரு நீண்ட இடைவெளி வரும் என்று தெரியும், எனவே ஒரே சுரத்தை மிக மெதுவாகப் பிடித்துக் காத்திருந்தேன். ஒரு நிமிடம். தம்பி எட்டிப் பார்த்து, “மெஷின் நின்னுபோச்சு போலக்கா” என்றான் கிசுகிசுப்பாக. தலையை ஆட்டி மறுத்தேன். அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே நம்பினேன். எந்தக் கணமும் வரலாம் என்பதால் ஒவ்வொரு சுரத்தையும் அதற்கு இடம்விட்டு வாசித்தேன். வில்லின் நுனியில், கம்பியைத் தொட்டும் தொடாமலும், எனக்குப் பழக்கமே இல்லாத வாசிப்பு. ஒன்பது நிமிடம். கடைசியில் நானே முடித்தேன்.

தம்பி சொன்னதுதான் சரி. மடக்கைதான் குற்றவாளி. ‘ரேண்டம்’ பெட்டியில் ஆயிரம் எண்களில் ஒன்றை எடுத்து ஆயிரத்தால் வகுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆயிரத்தில் பூஜ்ஜியமும் உண்டு. பூஜ்ஜியத்துக்கு மடக்கை கிடையாது, எனவே ப்யூர் டேட்டாவின் ‘லாக்’ பெட்டி அதற்குப் பதிலாக -1000 என்ற எண்ணைக் கொடுத்துவிடுகிறது. குறியை மாற்றி 4 நொடியால் பெருக்கினால் 4000 நொடி. அடுத்த ஒலியை ஒரு மணி ஆறு நிமிடம் நாற்பது நொடிக்குப் பிறகு என்று அது குறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடையில் உறவு எத்தனை முறை மாறினாலும், குறித்த இடைவெளி குறித்ததுதான். ஆயிரம் ஒலிக்கு ஒருமுறை இப்படி நேரும் என்றால், சராசரி 4 நொடியில், மணிக்கணக்காக வாசித்தால் ஒருநாள் சந்தித்தே ஆக வேண்டும்.

திருத்தம் ஒரே ஒரு பெட்டி: வகுப்பதற்கு முன் 1 கூட்டு. இரண்டு நிமிட வேலை. செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் வாசித்தேன், ஏதோ குறைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகச் சிறிய எண் இப்போது ஆயிரத்தில் ஒன்று, எனவே 4 நொடிச் சராசரியில் மிக நீண்ட இடைவெளியே 27.6 நொடிதான். அதற்குமேல் அது மௌனமாக இருக்கவே முடியாது. எனக்கு அந்த எல்லை தெரிந்துவிட்டது, இருபதாவது நொடியில் கை தானாக அடுத்த ஒலிக்குத் தயாராகிவிடுகிறது.

அதனால் ஆயிரத்தைப் பத்து லட்சமாக்கினேன், உச்சவரம்பு இரட்டிப்பாகி 55 நொடியானது. போதவில்லை. கடைசியில் தனியாக ஒரு பகடை வைத்தேன். 150 ஒலிக்கு ஒருமுறை என்ற வாய்ப்பில், இடைவெளி 2 முதல் 12 நிமிடம் வரை எதுவாகவும் ஆகலாம். திரையில் எந்த அறிகுறியும் தெரியாதபடி செய்தேன், இல்லாவிட்டால் பார்த்துவிடுவேன்.

நேற்று வாசித்தபோது மூன்றாவது நிமிடத்திலேயே மௌனமானது. தம்பி இந்தமுறை எதுவும் கேட்கவில்லை. ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆன பிறகு, நான் ஒரு நீண்ட சுரத்தின் நடுவில் இருந்தபோது, மௌனம் விழுவதற்கு முன் பட்டியலில் பதிந்த எதுவும் மிச்சமில்லாத நிலையில், கடைசி நிமிடத்தின் அந்த மெல்லிய வாசிப்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே வாசித்தது. நான் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதிவை இன்னும் திரும்பக் கேட்கவில்லை. இன்று பாட்டரி மாற்ற வேண்டும், 9 வோல்ட் 7க்கு இறங்கிவிட்டது.